பேங்கைக் காப்பாற்றிய ரிசர்வ் வங்கியை ஜனங்கள் ஏன் நம்ப மாட்டேன் என்கிறார்கள்?

யெஸ் பேங்க், லட்சுமி விலாஸ் இரண்டையும் ரிசர்வ் வங்கி காப்பாற்றியது, டெபாசிட் போட்ட யாருக்கும் பணம் போகவில்லை, அப்புறமும் ஏன் இந்த அவநம்பிக்கை என்று கேட்டிருக்கிறீர்கள். டெபாசிட் போகவில்லை என்பது உண்மை. ஆனால் எங்கள் பக்கத்தில் (திருமங்கலத்துக்கு மேற்கே) ஜனங்களுக்கு பேங்க் என்றால் டெபாசிட் இல்லை, நகைக்கடன். அதிலிருந்து சொன்னால்தான் புரியும்.

2025 மாசியில் அம்மாவின் ஆறு பவுனைத் திருப்பி வைக்கப் போனோம். வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டி அன்றைக்கே மாற்றி வைத்துவிடுவது வழக்கம். இந்த முறை கவுண்டரில், "முதலும் கட்டி மீட்டுட்டுத்தான் மறுபடி வைக்க முடியும்மா, ரிசர்வ் பேங்க் ரூல்" என்றார்கள். வட்டிப் பணம்தான் கையில் இருந்தது. முதல் 1,80,000 ரூபாய்க்கு எங்கே போவது? வாசலில் டீக்கடையில் ஒருவர் இதற்காகவே உட்கார்ந்திருந்தார், காலையில் கொடுத்து சாயங்காலம் வாங்கிக்கொள்வார், லட்சத்துக்கு ஆயிரம். எங்களோடு உள்ளேயே வந்துவிட்டார். நகைப் பை வெளியே வந்ததும் அம்மா சங்கிலியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க நினைத்தார், அவரோ "நேரமாச்சு, அப்ரைசர்கிட்ட கொடுங்க" என்று அவசரப்படுத்தினார். மறுபடி உரைத்து, எடை போட்டு, சாயங்காலம் பணம் வந்து அவர் கைக்குப் போனபோது எங்களுக்கு 1,800 ரூபாய் நஷ்டம். அம்மாவுக்கு அது ஒரு வாரம் விடியற்காலையில் மல்லிகை பறித்த கூலி.

விதிக்குக் காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். திருப்பிக் கட்டாத பழைய கடனையே புதுக்கடன்போல எழுதி வாராக்கடனை மறைக்கும் வேலை நகைக்கடனில் நடந்தது, அதை 2024 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே சுட்டிக்காட்டியது. சரி. ஆனால் இதே மாற்றி எழுதும் வேலையைப் பெரிய கம்பெனிகளுக்கு கடன் மறுசீரமைப்பு என்று பெயர் வைத்து, திட்டம் மாற்றித் திட்டம் போட்டு, வருஷக்கணக்கில் அனுமதித்ததும் ரிசர்வ் வங்கிதான். 2018 பிப்ரவரி 12 அன்று ஒரே சுற்றறிக்கையில் அவற்றை ரத்து செய்தது, அந்தச் சுற்றறிக்கையையும் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதற்குள் ஓட்டை பெரிதாகி, 2016-17 முதல் ஐந்து வருஷத்தில் பொதுத்துறை வங்கிகளுக்கு மத்திய அரசு போட்ட மூலதனம் 3 லட்சம் கோடிக்கும் மேல். (பெரிய கம்பெனிகளின் வாராக்கடனை பேங்குகள் கணக்கிலிருந்து நீக்கியதைச் சொன்னால், நீக்குவது வேறு, தள்ளுபடி வேறு என்று பேங்கில் வேலை பார்க்கும் நண்பர் சொல்வார். சரிதான், நீக்கிய பிறகும் வசூலிக்கலாம். ஆனால் ஆறு பவுன் வைத்தவரிடம் அந்தப் பொறுமையை யாரும் காட்டுவதில்லை, கெடு தாண்டினால் ஏல நோட்டீஸ் வந்துவிடும்.)

நீங்கள் சொன்ன இரண்டு வங்கிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் மேல் 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டுவிட்டது. அப்படிக் கண்காணிப்பில் இருந்த வங்கிக்குத்தான் 2020 நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. பத்தே நாளில் சிங்கப்பூர் வங்கியான டிபிஎஸ் கைக்குப் போனது, பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. முதல் போட்டவன் நஷ்டத்தை ஏற்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் யாருக்கு என்ன பதில் சொன்னார்கள்? யெஸ் பேங்கில் முதலீட்டாளர்கள் வாங்கியிருந்த 8,415 கோடி ரூபாய் கடன் பத்திரம் ஒரே நாளில் பூஜ்யமானது, அது இன்னொரு கதை.

பேங்க் மூழ்கினால் டெபாசிட் போட்டவருக்குக் கிடைக்கும் காப்பீடு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் ஆனதுகூட 2020 பிப்ரவரியில்தான், 27 வருஷம் கழித்து, அதுவும் மும்பையில் பிஎம்சி கூட்டுறவு வங்கி வாசலில் பணம் எடுக்க முடியாமல் ஜனங்கள் அழுது நின்ற பிறகு.

2025 ஜூனில் நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி போட்ட இறுதி விதியில், 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம், வட்டியைக் கட்டிவிட்டால் புதுப்பிக்கவும் செய்யலாம் என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் போட்ட சத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எதுக்கும் அந்த டீக்கடை ஆள் நம்பரை அழிச்சிடாதப்பா" என்றார்.