எடுத்தலைக் குறிக்கும் ‘டேக்’ (take) என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்கள்? அச்சொல் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் வினைகளுள் ஒன்றான ‘டேக்’ அம்மொழியின் சொந்தச் சொல் அன்று. அது ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் எடுத்தல், பற்றுதல் ஆகிய பொருள்களில் வழங்கிய வினை ‘நிமன்’. ஜெர்மன் மொழியில் இன்றும் வழங்கும் ‘நேமென்’ அதற்கு உடன்பிறப்பு. 793-இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடாலயத்தைத் தாக்கிய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் கொள்ளைப் பொருளோடு திரும்பிச் சென்றார்கள். 865-இல் பெரும்படையாக வந்திறங்கியவர்களில் பலரோ இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்து, உழுது பயிரிட்டு, அங்கேயே குடும்பம் அமைத்துத் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய பழைய நார்ஸ் மொழியில் இதே பொருளுக்கு ‘டாக்கா’ என்ற வினை இருந்தது. அது பழைய ஆங்கிலத்தின் கடைசிக் காலத்தில் எழுத்தில் தென்படத் தொடங்கி, அடுத்த சில நூற்றாண்டுகளில் ‘நிமன்’ என்பதைப் பொதுவழக்கிலிருந்து அகற்றிவிட்டது.

இது எத்தனை அரிய நிகழ்வு என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு மொழி பெரும்பாலும் புதிய பொருள்களுக்கான பெயர்களையே கடன் வாங்கும். சாவி, ஜன்னல் ஆகியவற்றைத் தமிழ் போர்த்துகீசியத்திலிருந்து பெற்றது அவ்வகையைச் சேர்ந்தது. எடுத்தல் போன்ற அடிப்படைச் செயலுக்குச் சொல் இல்லாத மொழி ஏது? இருந்த சொல்லை விட்டுவிட்டு அயலார் சொல்லை ஏற்பதற்கு, இரு மக்களும் ஒரே ஊரில், ஒரே சந்தையில், ஒரே வீட்டில்கூடக் கலந்து வாழ்ந்திருக்க வேண்டும். ‘அவர்கள்’ என்று பொருள்படும் ‘தே’ என்ற பிரதிப்பெயரும் அதே நார்ஸிலிருந்து வந்ததே. ஆங்கிலமும் நார்ஸும் ஜெர்மானியக் குடும்ப மொழிகள் என்பதும் இதற்குத் துணை நின்றது. குலுக்குதலைக் குறிக்கும் ‘ஷேக்’ என்பதற்கு ‘ஷுக்’ என்று இறந்தகாலம் அமையும் வாய்பாடு ஆங்கிலத்தில் முன்பே இருந்ததால், நார்ஸ் இறந்தகால வடிவமும் ‘டுக்’ என்று இயல்பாகப் பொருந்திக்கொண்டது.

‘நிமன்’ முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. விரல் மரத்துப்போன நிலையைக் குறிக்கும் ‘நம்’ என்ற சொல் அதன் எச்சவடிவிலிருந்து பிறந்தது. உணர்வு ‘எடுக்கப்பட்டது’ என்பதே அதன் மூலப்பொருள். அதன் இறுதியில் எழுதப்பட்டும் ஒலிக்கப்படாத ‘பி’ என்னும் எழுத்து பின்னாளில் ஒட்டியது. சுறுசுறுப்பைக் குறிக்கும் ‘நிம்பிள்’ என்பதும் அவ்வேரிலிருந்து வந்ததே. விரைந்து பற்றக்கூடியவர் என்பது அதன் தொடக்கக் கருத்து.

இனிப் பொருள்களுக்கு வருவோம். நான்காம் நூற்றாண்டில் விவிலியம் மொழிபெயர்க்கப்பட்ட, இன்று வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான கோதிக்கில் ‘டாக்கா’வின் உறவுச் சொல் தொடுதலைக் குறித்தது. தொட்ட கை பற்றுகிறது. பற்றியதைக் கொண்டு செல்கிறது. வாயில் இட்டால் அது மருந்து உட்கொள்ளுதல் ஆகிறது. மனம் பற்றினால் ஒருவர் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ளுதல் ஆகிறது. பயணம் இரண்டு மணி நேரத்தை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது என்பதால் அங்கும் ‘டேக்’ வருகிறது. ஆனால் இவ்விரிவு முழுவதையும் உருவகத்தைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது. ‘நிமன்’ தாங்கிய பொறுப்புகளும் புதிய சொல்லின் தோளில் ஏறின. பொறுப்பேற்றலைக் குறித்த ‘உண்டர்நிமன்’ இருந்த இடத்தில்தான் ‘அண்டர்டேக்’ அமர்ந்தது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பின் அங்கு ஆட்சிமொழியான பிரெஞ்சிலும் எடுத்தலைக் குறிக்கும் வினை பலபொருள் கொண்டதாகவே இருந்தது. பங்கெடுத்தலைக் குறிக்கும் ‘டேக் பார்ட்’ என்ற ஆங்கிலத் தொடருக்குப் பிரெஞ்சில் சொல்லுக்குச் சொல் இணை உண்டு.

தமிழின் ‘எடு’ இதே அளவுக்கு விரிந்த வினை என்பதால், நாம் ஒன்றுக்கு மற்றொன்றை எளிதாக ஈடுவைத்துவிடுகிறோம். எனினும் இரண்டின் எல்லைகளும் வேறு. நமக்குப் பசி எடுக்கிறது, பாம்பு படம் எடுக்கிறது. இவ்விடங்களில் ‘டேக்’ நுழையாது. மொழிபெயர்ப்புப் பணியின் தொடக்கத்தில், ஓர் அமெரிக்கப் பெண்மணி மாலை நேரங்களில் பியானோ வகுப்புகளை ‘டேக்’ செய்தார் என்ற வரியை, அவர் ‘பியானோ வகுப்பு எடுத்தார்’ என்று எழுதினேன். தமிழில் வகுப்பு எடுப்பவர் ஆசிரியர். நம் நாட்டு ஆங்கிலத்திலும் பெரும்பாலும் அவ்வாறே. அமெரிக்க வழக்கில் வகுப்பை ‘டேக்’ செய்பவர் மாணவர். கற்றவரைக் கற்பித்தவராக மாற்றிவிட்ட அப்பிழையை, அவருக்கு அப்போது வயது பதினொன்று என்ற அடுத்த பக்கச் செய்தியே எனக்குக் காட்டியது. அன்று முதல் ‘டேக்’ வரும் ஒவ்வொரு வரியிலும், எடுப்பவர் கையில் என்ன வந்து சேர்கிறது என்று கேட்டுப் பார்த்த பிறகே தமிழ்வினையைத் தேர்கிறேன். அந்த வரி இப்போது ‘பியானோ கற்றுக்கொண்டார்’ என்று இருக்கிறது.