துண்டறிக்கையில் சிரிக்காத பிள்ளை

கேள்வி: வெளிநாடுகளில் ஏழைகளுக்கென்று நிதி திரட்டும் திருச்சபைக்கு நல்ல பெயர்தானே வர வேண்டும்? சந்தேகமும் சேர்ந்து வருகிறதே, ஏன்? – ஒரு வாசகி

பதில்: நல்ல பெயர் வருகிறது அம்மா, பணம் கொடுக்கிற ஊரில். 1844-இல் லண்டன் மிஷனரி சங்கம் பசிபிக் பெருங்கடலில் இருக்கும் தென்கடல் தீவுகளுக்கு 'ஜான் வில்லியம்ஸ்' என்ற கப்பலை அனுப்பியது. அதற்கான பணம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சேர்த்த சில்லறை. தான் போட்ட அரைப்பென்னி கடலில் மிதக்கிறது என்றால் அந்தப் பிள்ளைக்குச் சபைமேல் எவ்வளவு பெருமை இருந்திருக்கும்! தீவுக்காரர்களைப் பற்றி அங்கே என்ன சொல்லிக் காசு கேட்டார்கள் என்பது தீவுக்காரர்களுக்குத் தெரிந்திருக்குமா?

இளம் வயதில் நானும் இப்படி நிதி திரட்டும் வேலையில் கொஞ்ச நாள் இருந்தேன். உதவி பெறும் பிள்ளைகளின் கடிதங்களை, பணம் அனுப்புபவர்களுக்காக மொழிபெயர்ப்பேன். ஒரு பையன், "நீங்கள் அனுப்பிய காசில் பந்து வாங்கினேன், அது கிணற்றில் விழுந்துவிட்டது" என்று எழுதியிருந்தான். மேலாளர் படித்துவிட்டு, "பந்தை எடுத்துவிட்டு நோட்டுப் புத்தகம் என்று போடுங்கள்" என்றார். போட்டேன். துண்டறிக்கைக்குப் படம் எடுக்கும்போதும் அப்படித்தான், சிரித்த படங்கள் ஒதுங்கிவிடும். அந்தப் பையன் வளர்ந்து அந்தத் தாளைப் பார்த்தால், "எங்களை இப்படியா காட்டினீர்கள்?" என்று கேட்கமாட்டானா? சந்தேகத்தின் ஒரு வேர் அங்கே இருக்கிறது.

இன்னொரு வேர் கணக்கு. கத்தோலிக்க ஆலயங்களில் ஜூன் 29-ஐ ஒட்டித் திருத்தந்தையான போப்புக்காக 'பேதுருவின் காசு' என்று காணிக்கை எடுப்பார்கள். அதில் வத்திக்கான் நிர்வாகச் செலவும் அடங்கும். அது ரகசியம் அல்ல. ஆனால் பல இடங்களில் காணிக்கை கேட்கும்போது ஏழைகளைப் பற்றித்தான் பேசினார்கள். 2019-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை, சுமார் 10 சதவீதம்தான் அறப்பணிக்குப் போகிறது என்று எழுதியதும் கொடுத்தவர்களுக்குச் சுருக்கென்றது. நிர்வாகத்துக்கும் சேர்த்துத்தான் என்று முன்பே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் தோளைக் குலுக்கிவிட்டுக் கொடுத்திருப்பார்கள். அப்புறம்தான் ஆண்டுதோறும் விரிவான கணக்கு வெளியிடத் தொடங்கினார்கள்.

அந்தப் பந்து வரியை அப்படியே விட்டிருந்தால், படித்தவர் பணத்தை நிறுத்தியிருப்பார் என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. இன்னொரு பந்துக்கும் சேர்த்து அனுப்பியிருப்பார்.