கர்னால் (ஹரியானா) கோதுமையில் மகசூல் உண்டு, புரதம் இல்லை: தழைச்சத்தைப் பிரித்துக் கொடுங்கள்

நீங்கள் மாற்ற வேண்டியது யூரியாவின் அளவை அல்ல, நேரத்தை. கோதுமைக்கு முழு யூரியாவையும் விதைப்பிலும் முதல் தண்ணீரிலும் (முதல் பாசனம்) கொடுத்து முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல மகசூல் வந்தும் பிரெட் மில் 9% புரதம்தான் இருக்கிறது, போதாது என்று கோதுமையைத் திருப்பி அனுப்பியதற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆரம்பத்தில் போடும் தழைச்சத்து (யூரியா தரும் நைட்ரஜன்) தூரையும் (பக்கக் கிளைகள்) மணி எண்ணிக்கையையும் கூட்டும். அப்புறம் மணியில் மாவுச்சத்து ஏற ஏறப் புரதத்தின் பங்கு குறையும். நன்றாக விளைந்த வயலில்தான் இது அதிகம் நடக்கிறது, அதனால் மனம் தளர வேண்டாம்.

முதலில் ஒரு சோதனை. 100 மணிகளை எண்ணி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போல இல்லாமல் மஞ்சளாய், மாவு படிந்ததுபோல் திட்டுகள் பல மணிகளில் இருந்தால் தழைச்சத்துக் குறைதான்.

அப்படியானால் அடுத்த பருவத்தில்:

1. யூரியாவில் மூன்றில் ஒரு பங்கு அடியுரம் (விதைப்பின்போது). மீதியை முதல் தண்ணீருக்கும் (விதைத்து சுமார் 21 நாள்) இரண்டாம் தண்ணீருக்கும் சமமாகப் பிரியுங்கள்.
2. பூக்கும் சமயத்தில் 2% யூரியா கரைசல், அதாவது 100 லிட்டருக்கு 2 கிலோ. மாலையில் தெளியுங்கள், வெயிலில் இலை கருகும்.

மணல் பாங்கான நிலமா? கந்தகத்தையும் மண் பரிசோதனையில் பாருங்கள். அது குறைந்தால் புரதம் இருந்தும் மாவு இழுபடாது.

ஒரு எச்சரிக்கை: அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே முளை கட்டியிருந்தால் இதெல்லாம் உதவாது. அந்த மாவில் பிரெட் பிசுபிசுக்கும். ரகமும் முக்கியம், என்ன விதை போட்டீர்கள் என்று எழுதுங்கள்.