19 அடிப் படகுக்குப் புது எஞ்சினும் ஸ்டெர்ன் ட்ரைவும்: எதைப் போடலாம்?

நீங்கள் கேட்டிருப்பது: 19 அடிப் படகு, மெர்குரூசர் 4.3 லீற்றர் வி6 (ஆறு சிலிண்டர்) எஞ்சின், ஆல்பா ஒன் ஜென் 2 ட்ரைவ் (எஞ்சினின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும், படகின் பின்னால் இருக்கும் பகுதி). குளிருக்குத் தண்ணீர் உறைந்து எஞ்சினின் உடலான பிளாக் வெடித்துவிட்டது. இதோடு சேர்த்து 5.7 வி8 (எட்டு சிலிண்டர்) போட்டு, ட்ரைவையும் அதைவிடப் பலமான பிராவோவாக மாற்றிவிடலாமா?

வேண்டாம். அதே 4.3ஐப் போடுங்கள். ட்ரைவ் நல்லதென்றால் அதில் கை வைக்காதீர்கள்.

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், படகு சிம்கோ ஏரியில். எனக்கும் இதேதான் நடந்தது. பனிக்கு முன் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் பித்தளை ட்ரெயின் பிளக்கைக் கழற்றினேன். ஒரு சொட்டும் வரவில்லை, காலியென்று நினைத்து மூடிவிட்டேன். உள்ளே துருப்பொடி துவாரத்தை அடைத்திருக்கிறது. ஒரு கம்பியை விட்டுக் குத்தியிருந்தால் தண்ணீர் பீறிட்டிருக்கும். வசந்தத்தில் டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஒயில் பால்கோப்பி நிறம், தண்ணீர் கலந்துவிட்டது.

அந்த முறை ட்ரைவும் பழுதாகியிருந்ததால் பழையதொன்று வாங்கினேன். ஆல்பா எல்லாம் ஒன்றுதான் என்றார் விற்றவர். பூட்டும்போதும் அச்சாகப் பொருந்தியது. ஏரியில் இறக்கி த்ரொட்டிலை முழுதாகத் தள்ளினால் 3600 ஆர்பிஎம்மோடு நின்றுவிட்டது. என் எஞ்சின் முழு வேகத்தில் 4400 முதல் 4800 வரை போகவேண்டும். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுததே ஒழிய, மேலே எழும்பி ஓடவில்லை. காரணம் கியர் விகிதம், அதாவது புரொப்பெல்லர் ஒரு சுற்றுப் போக எஞ்சின் எத்தனை சுற்றுப் போகவேண்டும் என்பது. என் 4.3க்குப் பின்னால் இருந்தது 1.81. நான் வாங்கியது 5.7 வி8ஓடு ஓடிய 1.47. வி8இன் இழுவைக்குச் செய்த கியரை வி6 இழுக்க முடியாமல் திணறியது. அப்படியே ஓட்டினால் எஞ்சினுக்குத்தான் கேடு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் தேவையில்லை. ட்ரைவை மேசையில் வைத்து கியரில் போடுங்கள். புரொப்பெல்லர் தண்டில் சோக்கால் ஒரு கோடு போட்டு, மேல் தண்டை அது பிடிக்கும் பக்கமாகக் கையால் சுற்றுங்கள். கீழே 10 சுற்று வர மேலே 18 சுற்று போனால் 1.81. பதினைந்துக்குச் சற்றுக் குறைந்தால் 1.47. காசு கொடுக்கும் முன் எண்ணிவிடுங்கள்.

வி8 போட்டால் இதே சிக்கல் தலைகீழாக வரும், கியரையும் மாற்றவேண்டும். பின்பக்கப் பாரமும் கூடும். பிராவோ அதைவிடப் பெரிய வேலை. படகின் பின்சுவரில் இருக்கும் ட்ரான்சம் அசெம்பிளியையே மாற்றவேண்டும். ஆல்பாவின் தண்ணீர் பம்ப் ட்ரைவுக்குள் இருக்கிறது. பிராவோவுக்கு அது எஞ்சினில் இருக்கவேண்டும், ஆக அதையும் புதிதாகப் பூட்டவேண்டும். ஆல்பா சுமார் 300 குதிரைவலு வரை தாங்கும். உங்கள் 4.3 கார்பரேட்டர் என்றால் 190, எம்பிஐ (எரிபொருளைப் பீய்ச்சும் வகை) என்றால் 220. பிறகு எதற்கு பிராவோ?

முழு எஞ்சின் தேவையில்லை, லோங் பிளாக் (ஹெட்டும் உள் பாகங்களும் பூட்டிய பிளாக்) போதும். ஆண்டை மட்டும் சரிபாருங்கள்: 1996இல் வந்த வோர்டெக் ஹெட்டுக்கு அதற்கு முந்தைய இன்டேக் மேனிஃபோல்ட் ஏறாது. பழைய எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டிலும் வெடிப்பு இருக்கலாம், சோதிக்காமல் திரும்பப் பூட்டாதீர்கள்.

கார் உடைக்கும் இடத்தில் 4.3 மலிவாகக் கிடைக்கும், அடிப்படையில் அதே ஜிஎம் எஞ்சின்தான். ஆனால் அதன் ஸ்டார்ட்டரையும் ஆல்ட்டர்னேட்டரையும் தயவுசெய்து படகில் பூட்டாதீர்கள். படகுக்குச் செய்தவை பொறி வெளியே வராதபடி அடைக்கப்பட்டவை. எஞ்சின் பெட்டிக்குள் பெற்றோல் ஆவி தேங்கும், காரில்போல் கீழே இறங்கிப் போக வழியில்லை. ஒரு பொறி போதும், படகில் பிள்ளைகளும் இருப்பார்கள். எந்த எஞ்சின் போட்டாலும் ஸ்டார்ட் பண்ணும் முன் ஆவியை வெளியே இழுக்கும் விசிறியான புளோவரை 4 நிமிடம் ஓடவிடுங்கள்.

எஞ்சினை இறக்கிய பிறகு நேராக இருக்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் பாரை, ட்ரைவின் தண்டைத் தாங்கும் ஜிம்பல் பேரிங் வழியாக, எஞ்சினில் அந்தத் தண்டு பூட்டும் கப்ளருக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு விரலால் தள்ள வழுக்கிக்கொண்டு போகவேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் முன் மவுண்டை ஏற்றி இறக்கி மறுபடி பாருங்கள். எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் அதற்கே போனது. விட்டால் கப்ளரின் பற்கள் தேய்ந்துபோகும், அப்போது எஞ்சினை மறுபடி கழற்றவேண்டும். ட்ரைவ் கழன்றிருக்கும்போதே பெல்லோஸையும் (தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் மடிப்பு ரப்பர் உறை) ஜிம்பல் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள்.