26ஏஎஸ்ல ஒரு தொகை, பேங்க்ல ஒரு தொகை: கான்ட்ராக்டர் எதைக் காட்டணும்?

கேள்வி: பஞ்சாயத்து யூனியன் வேலை எடுத்து செய்யறேன் சார். 2024-25க்கு 26ஏஎஸ்ல (என் பேர்ல பிடிச்ச வரியக் காட்டற வருமான வரி ஸ்டேட்மென்ட்) 80 லட்சம்னு காட்டுது, பேங்க்ல வந்ததைக் கூட்டினா வேற தொகை வருது. கூலியெல்லாம் சனிக்கிழமை மேஸ்திரி கைல கேஷா குடுத்துடறேன். ஆடிட்டர் கணக்கு கேக்கறார், எதைக் குடுக்கறது?

பேங்க்ல வந்ததை வரவா எழுதாதீங்க, ஜிஎஸ்டி சேக்காத பில் தொகைய எழுதுங்க. உங்க வரவு அதுதான். ஒரு பில்லை எடுத்துக்குவோம், வேலை 10,00,000, ஜிஎஸ்டி 18% சேத்து 11,80,000. இதுல வருமான வரி டிடிஎஸ் (பணம் குடுக்கும்போதே பிடிக்கற வரி) 1% அதாவது 10,000, ஜிஎஸ்டி டிடிஎஸ் 2% 20,000, தொழிலாளர் நல வரி 10,000, டெபாசிட்னு 5% பிடிச்சா 50,000, எல்லாம் போக பேங்க்குக்கு வர்றது 10,90,000. இதுல 1,80,000 ஜிஎஸ்டி, அது உங்க காசே இல்ல. நல வரி மட்டும்தான் செலவு, மத்த பிடித்தம் எல்லாம் உங்களுக்கு வரவேண்டிய பாக்கி, டெபாசிட் உட்பட. அந்த ஜிஎஸ்டி டிடிஎஸ் 20,000த்தை நிறைய பேர் கோட்டை விட்டுடறாங்க, ஜிஎஸ்டி போர்ட்டல்ல போய் அக்செப்ட் குடுத்தாதான் அது உங்க கேஷ் லெட்ஜர்ல (போர்ட்டல்ல இருக்கற உங்க ஜிஎஸ்டி பணக் கணக்கு) ஏறும், தானா வராது.

கூலி விஷயம்தான் வம்பு. மேஸ்திரி பேர்ல ஒரே வவுச்சரா 45,000 கேஷ்னு எழுதினீங்கன்னா, ஒரு நாள்ல ஒரே ஆளுக்கு 10,000க்கு மேல கேஷ் குடுத்த செலவு செல்லாதுன்னு முழுசையும் தள்ளிடுவாங்க. அதனால மஸ்டர் ரோல் போடுங்க, பேரு, எத்தனை நாள், என்ன கூலி, கையெழுத்தோ ரேகையோ. கொத்தனாருக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவுன்னு ஆளாளுக்கு தனித்தனியா இருக்கணும், மேஸ்திரி வெறும் பட்டுவாடா பண்றவர்தான். வருஷக் கடைசில உக்காந்து ஒரே பேனால எழுதின மஸ்டர் ரோல் பாத்தாலே தெரியும், அந்த வேலை வேணாம்.

இவ்வளவு புக்ஸ் முடியாதுன்னா அனுமான லாப முறை இருக்கு. 2 கோடிக்குள்ள டர்ன்ஓவர் (கேஷ் வரவு 5%க்கு மேல போகலன்னா 3 கோடி), பணம் பேங்க் வழியா வந்தா 6%, கேஷா வந்தா 8% லாபம்னு காட்டினா போதும், மேல சொன்ன 10,000 தொல்லையும் இதுல இல்ல. ஆனா 6%ங்கறது குறைஞ்சபட்சம், நிஜமா அதிகம் சம்பாதிச்சா அதைத்தான் காட்டணும், நாளைக்கு பேங்க் லோன் கேட்டு போனாலும் அந்த ரிட்டர்னைத்தான் கேப்பாங்க. இடையில இந்த முறைய விட்டுட்டா அடுத்த 5 வருஷம் திரும்ப வரமுடியாது. ஜிஎஸ்டிக்கான பில், ரெக்கார்டெல்லாம் எப்படியும் வெச்சுத்தான் ஆகணும்.

உங்க 80 லட்சத்துக்கு 6%னா 4.80 லட்சம். நிஜ லாபமும் அந்த அளவுதான், வேற வருமானம் இல்லன்னா, 2024-25 புது ரெஜிம்ல 7 லட்சம் வரைக்கும் ரிபேட் (வரித் தள்ளுபடி) இருக்கறதால வரியே வராது, பிடிச்ச டிடிஎஸ் 80,000 ரீஃபண்டா வரணும், ரிட்டர்ன் போட்டா மட்டும்.