எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா?

கேள்வி: என்னுடையது ஆட்டோமேட்டிக் கியர் கார். கம்பெனி கொடுத்த மூன்று வருட வாரண்டி இன்னும் நான்கு மாதத்தில் முடிகிறது. ஓடியிருப்பது 26,000 கிலோமீட்டர்தான். அதன் பிறகும் வாரண்டி தொடரப் பணம் கட்டி வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியை இரண்டு வருடத்துக்கும் எடுக்கலாம், நான்கு வருடத்துக்கும் எடுக்கலாம். நான்கு வருடம்தான் லாபம் என்கிறார்கள் ஷோரூமில். இரண்டரை வருடத்தில் காரை விற்றுவிடும் எண்ணம் எனக்கு. எடுக்கலாமா, வேண்டாமா?

பதில்: எடுங்கள். இரண்டு வருடத்துக்குப் போதும். அதுவும் காரைத் தயாரித்த கம்பெனியே பொறுப்பேற்கும் திட்டமாக இருந்தால் மட்டும்.

எடுக்கச் சொல்வதற்கு முதல் காரணம் உங்கள் கியர்பாக்ஸ். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கியரை மாற்றுகிற கட்டுப்பாட்டுப் பகுதி பழுதானால், பெரும்பாலும் அதைப் பிரித்துச் சரிசெய்வதில்லை. முழு யூனிட்டையே மாற்றுகிறார்கள். ஒரே பில்லில் பட்ஜெட் கவிழ்ந்துவிடும். 26,000தானே ஓடியிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். குறைவாக ஓடிய காரில் பிஸ்டனும் பேரிங்கும் தேயாமல் இருக்கலாம். ரப்பர் சீல்களும் எலக்ட்ரானிக் பாகங்களும் கிலோமீட்டர் பார்த்து மட்டும் கெடுவதில்லை. வயதும் சூடும் போதும்.

நான்கு வருடம் ஏன் வேண்டாம்? விற்ற பிறகு மிஞ்சும் வாரண்டிக்கும் இப்போதே பணம் கட்டுகிறீர்கள். புது உரிமையாளர் பெயருக்கு அது மாறுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். மாறும் என்றாலும், நீங்கள் கட்டிய தொகை முழுவதையும் வாங்குகிறவர் விலையில் சேர்த்துத் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

கையெழுத்துப் போடும் முன் விளம்பரத் தாளை ஒதுக்கிவிட்டு ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் எந்தப் பட்டியல் இருக்கிறது என்பதுதான் முக்கியம். 'இந்த இந்தப் பாகங்களுக்கு வாரண்டி உண்டு' என்று எழுதியிருந்தால், பட்டியலில் இல்லாத எதற்கும் கிடையாது. 'இவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு' என்ற வகையே உங்களுக்குப் பாதுகாப்பு. முதல் வகையில் எஞ்சின், கியர்பாக்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். உள்ளே படித்தால் எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் உள்பாகங்கள் மட்டும் என்று இருக்கும். இன்றைய கார்களில் செலவு வைக்கும் சென்சாரும் கன்ட்ரோல் யூனிட்டும் அதில் வராது. டர்போ, ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் மோட்டார், ஏபிஎஸ் யூனிட், தொடுதிரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். விற்பவர் வாயால் சொல்வது போதாது, ஒப்பந்தத்தில் விரல் வைத்துக் காட்டட்டும். டயர், பிரேக் பேட், வைப்பர் போன்று தேயும் பொருட்களுக்கு எந்தத் திட்டத்திலும் பொதுவாக இடமில்லை.

உங்களைப் போல் குறைவாக ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: சர்வீஸ். '10,000 இன்னும் ஆகவில்லையே' என்று வருடாந்திர சர்வீஸைத் தள்ளிப்போடுவார்கள். ஆனால் விதி, இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. கிளெய்ம் மறுக்கப்பட்டு யாராவது என்னிடம் வந்தால், நான் முதலில் கேட்பது சர்வீஸ் பில்களைத்தான். நடுவில் ஒரு வருடம் விடுபட்டிருந்தால், எஞ்சின் சம்பந்தப்பட்ட கிளெய்மில் வாதாட இடமே இருக்காது. உங்கள் மூன்று வருடப் பில்களையும் இன்றே எடுத்து வைத்துப் பாருங்கள். வெளியில் போட்ட ஹார்னும் விளக்கும் ஒயரை வெட்டி இணைக்கப்பட்டிருந்தால், மின்சாரப் பழுதுக்கான கிளெய்மும் இதேபோல் அடிபடலாம்.

இன்னொன்று, பழுது தெரிந்த பிறகும் ஓட்டுவது. வாட்டர் பம்ப் போனால் அதற்கு வாரண்டி இருக்கலாம். சூடு முள் சிவப்பைத் தொட்ட பிறகும் வீடு வரை ஓட்டிச் சென்று எஞ்சின் ஹெட் வளைந்தால், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். வெள்ளத்தில் ஓட்டி எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் அது வாரண்டி விஷயமே அல்ல. இன்ஷூரன்ஸில் கேட்க வேண்டியது.

ஷோரூம் கொடுப்பது வேறொரு நிறுவனத்தின் திட்டம் என்றால் கேள்விகள் கூடும். சர்வீஸ் சென்டருக்கு அவர்களே பணம் கட்டுவார்களா, நீங்கள் கட்டிவிட்டுத் திரும்ப வாங்க வேண்டுமா? ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு? ஒவ்வொரு முறையும் உங்கள் பங்காக ஏதாவது கட்ட வேண்டுமா? பிரித்துப் பார்த்து 'இதற்கு வாரண்டி இல்லை' என்று சொல்லிவிட்டால், பிரித்த கூலி யாருடையது? எந்த ஊரிலும் செல்லுமா, விற்ற அந்த ஒரு இடத்தில் மட்டும்தானா? தெளிவான பதில் வராத திட்டத்தை வாங்காதீர்கள்.

விலை விஷயத்தில் பேரம் பேசத் தயங்க வேண்டாம். 'இன்றைக்கு மட்டும் இந்த விலை' என்றாலும் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டே முடிவு செய்யுங்கள். ஆனால் நான்கு மாதத்தைக் கடக்க விடாதீர்கள். வாரண்டி முடிந்துவிட்டால் சில கம்பெனிகள் தருவதில்லை. தருகிற இடத்திலும் காரைப் பரிசோதித்த பிறகுதான், விலையும் கூடும்.

அதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எக்ஸ்டெண்டட் வாரண்டி பெரும்பாலும் இப்போதுள்ள வாரண்டியைவிடக் குறுகலானது. அதோடு, ஏற்கெனவே இருந்த குறை என்று சொல்லி அதில் உங்கள் கிளெய்மை ஒதுக்கவும் முடியும். அதனால் வாரண்டி முடியும் முன் காரை ஒருமுறை முழுப் பரிசோதனைக்கு விடுங்கள். கியர் மாறும்போது லேசான உதறல், ஏசியில் சத்தம், சஸ்பென்ஷனில் டக்டக் என்று எது இருந்தாலும் வாயால் சொல்லிவிட்டு வராமல், காரை விடும்போது சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் கார்டில் எழுத வைத்து, நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.