லாப்ரடார் குட்டிக்கு மரபணு ஊசி கிடைக்குமா?

கேள்வி: என் லாப்ரடார் ஆண்குட்டிக்கு நான்கு மாதம். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தாவுகிறது. சற்று ஓடினாலே உட்கார்ந்துவிடுகிறது. பரம்பரைத் தசைநோயாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். வெளிநாட்டில் மரபணு ஊசி போட்டு நாய்கள் எழுந்து நடந்ததாகப் படித்தேன். செலவைப் பற்றிக் கவலையில்லை. எங்கே கிடைக்கும்? (வாசகர், ஓசூர்)

பதில்: நீங்கள் படித்தது உண்மை. ஆனால் அந்த ஊசி ஆய்வுக்கூடத்தை விட்டு இன்னும் வெளியே வரவில்லை; எவ்வளவு கொடுத்தாலும் வாங்க முடியாது. "ஸ்டெம் செல் போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

எழுந்து நடந்தவையும் லாப்ரடார் வழி வந்த குட்டிகள்தான். கனடாவின் சஸ்காச்சுவான் பகுதியில் எம்டிஎம்1 என்ற மரபணு பழுதான ஆண்குட்டிகள் பிறந்தன. ஏழாவது வாரத்திலேயே பின்னங்கால் தளரும், குரைப்பு கம்மிப்போகும், தாடைக்கு வலு இருக்காது. நான்கைந்து மாதத்தில் நிற்கவே முடியாது. ஆண்குழந்தைகளுக்கும் இதே பழுதால் இதே நோய் வருகிறது. அப்படியொரு மகனைப் பெற்ற அமெரிக்கத் தாய் ஒருவர்தான், பழுதைச் சுமந்த நிப்ஸ் என்ற பெண்நாயைக் கனடாவில் தேடிக் கண்டுபிடித்தார். அதன் வழிவந்த குட்டிகளுக்கு, நல்ல மரபணுவை ஒரு வைரஸ் கூட்டுக்குள் வைத்து ரத்தநாளத்தில் ஒரே ஒரு முறை செலுத்தினார்கள். 2014-இல் முடிவு வந்தபோது, அந்தக் குட்டிகள் ஒரு வயதைத் தாண்டி நடமாடிக்கொண்டிருந்தன. இன்றும் எனக்கு அது மெய்சிலிர்க்கும் செய்தி. பின்னர் சிறுவர்களிடம் நடந்த சோதனையில் கல்லீரல் பாதிப்புக்குப் பிறகு நான்கு பேர் இறந்தார்கள், சோதனை நிறுத்திவைக்கப்பட்டது.

தசையைத் தாங்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாமல் வரும் தசைச் சிதைவு வேறு நோய். 2018-இல் கிரிஸ்பர் முறையில் மரபணுவைத் திருத்தியபோது, ஒரு நாயின் இதயத் தசையில் அந்தப் புரதம் 92 சதவீதம் வரை திரும்பியது. ஆனால் சோதித்தவை நான்கே நாய்கள், கவனித்ததும் எட்டு வாரம் வரைதான்.

உங்கள் குட்டி நான்கு மாதத்திலும் தாவி ஓடுகிறது என்றால், அது கனடாக் குட்டிகளின் நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. லாப்ரடார்களுக்கே உரிய இன்னொன்று உண்டு: சென்ட்ரோநியூக்ளியர் மயோபதி. இரண்டு முதல் ஐந்து மாதத்தில் தெரியும், குளிரில் கூடும், ஒரு வயதையொட்டிப் பெரும்பாலும் அதே அளவில் நின்றுவிடும். அந்த நாய்கள் மெலிந்த தொடையோடு பல வருடம் வாழ்கின்றன. ஆகவே ஊசியைத் தேடுவதற்கு முன் நோயின் பெயரைத் தேடுங்கள்.

ரத்தத்தில் சி.கே. (தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் நொதி) அளவு பாருங்கள். சில நூறுக்குப் பதில் பல ஆயிரமாக எகிறியிருந்தால் தசைச் சிதைவைச் சந்தேகிக்கலாம். சென்ட்ரோநியூக்ளியரில் பெரும்பாலும் அது இயல்பாகவோ சற்றுக் கூடுதலாகவோதான் இருக்கும். மருத்துவர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டும்போது கால் உதறாவிட்டால் அதையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தாலே மரபணுப் பரிசோதனைக்குப் போதும். மயஸ்தீனியா (நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச்சேராத நோய்), உண்ணிக் காய்ச்சல், இடுப்பு மூட்டுக் கோளாறு ஆகியவை இல்லை என்று உறுதிசெய்யாமல் பரம்பரை நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். முதல் இரண்டுக்கும் மருந்து இருக்கிறது.

அதுவரை, சோற்றைக் குழையப் பிசைந்து, தட்டை மார்பு உயரத்தில் வையுங்கள். சாப்பிட்டதும் கால்மணி நேரமாவது படுக்க விடாதீர்கள். விழுங்கும் தசை தளர்ந்த குட்டிக்குச் சோறு மூச்சுக்குழாயில் இறங்கிவிடுவதுதான் பேராபத்து. மழைக்காலத்தில் தரையில் சாக்கு விரியுங்கள். விளையாடட்டும், தானாக உட்கார்ந்ததும் விட்டுவிடுங்கள்.

முடிவு வந்ததும் குட்டியை விற்றவரிடம் சொல்லுங்கள். சென்ட்ரோநியூக்ளியர் என்றால் தாய், தகப்பன் இரண்டுமே பழுதைச் சுமக்கின்றன. அந்தத் தாயை மறுபடி இணைசேர்ப்பதற்குள் தகவல் அவருக்குப் போய்ச்சேர வேண்டும்.